கெண்டைக்காகத் துணி துவைக்காத தெரு

திண்டிவனம் வட்டாரத்தில் மீட்டர் டீச்சரின் குச்சி படாத தண்ணீரே கிடையாது. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை அவர். எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் டீச்சர். தண்ணீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் கரைந்திருக்கிறது என்று காட்டும் மீட்டர் ஒன்று எப்போதும் அவர் கைப்பையில் இருக்கும். அதன் வயர் நுனியில் தொங்குவதுதான் குச்சி.

வளவனூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அதை ரசத்துக்குள் விட்டுவிட்டார். சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார்.

"இதுல மீன் பொழைக்காதுங்க" என்றார் டீச்சர்.

"பொழைக்க வாணாம்மா. இது ரசம்."

எங்கள் குடியிருப்பு ஏரியை ஒட்டியது. ஐப்பசி மழை இறங்கியதும் கெண்டைகள் வரத்துக் கால்வாயில் ஏறி, புல் மூழ்கிய ஓரங்களில் முட்டையிடும். டீச்சர் காலையில் முழங்கால் தண்ணீரில் நின்று அளந்துகொண்டிருப்பார். பக்கத்தில் யாராவது சத்தமாகப் பேசினால், பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் போல அதட்டுவார்.

ஒரு மழையில் எங்கள் பாதாள சாக்கடைத் தொட்டியின் மோட்டார் எரிந்துபோனது. தொட்டி பொங்கி, சாக்கடை கால்வாயில் இறங்கியது. அது கலக்கும் இடத்துக்குக் கீழே ஆக்ஸிஜன் பாதாளத்துக்குப் போய்விட்டது என்று டீச்சர் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முறையிட்டார். மீனெல்லாம் நம் சங்கத்தில் மெம்பரா என்று செகரட்டரி கேட்டார். டீச்சர் நேரே போய், அவருடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து குச்சியை விட்டார்.

"உங்க பாட்டில்ல பொழைச்சுக்கும் சார். கால்வாயில மூச்சு முட்டிச் செத்துப்போவும்."

செகரட்டரி பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மோட்டார் மட்டும் வரவில்லை.

மறுநாள் டீச்சர் வீடு வீடாக ஏறினார். "அக்கா, மோட்டார் சரியாவற வரைக்கும் வாஷிங் மிஷின் போடாதீங்க. கெண்டை முட்டை போட்டுக்கினு இருக்குது."

சிரிப்புதான் வந்தது. ஆனால் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நின்றவரிடம் முடியாது என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. முதலில் மிஷினை நிறுத்தியவர் செகரட்டரியின் மனைவி. தெரு முழுக்க அழுக்கு மூட்டை ஏறியது. வாடை கூட்டேரிப்பட்டு வரைக்கும் போயிருக்கும். நான் கல்யாணப் புடவையில் ஆபீஸ் போனேன். செகரட்டரி பட்டு வேட்டியில் கத்தரிக்காய் வாங்கப் போனார். வீட்டில் என்ன விசேஷம் என்று கடைக்காரர் கேட்டுவிட்டார். அன்று மாலையே மெக்கானிக் வந்தார்.

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் டீச்சர் எங்களைக் கால்வாய்க்கு அழைத்துப் போனார். பாதி முட்டைகள் வெளுத்துச் செத்திருந்தன. மீதி பொரித்து, கண் மட்டும் தெரிகிற குஞ்சுகள் புல்லுக்கடியில் துடித்துக்கொண்டிருந்தன. அளந்து பார்க்கச் சொன்னவர் செகரட்டரிதான். டீச்சர் குச்சியை இறக்கினார். எண்ணைப் படிக்கத் தொடங்கி, முடிக்க முடியாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது விழுப்புரத்துக்கே குடிபோய்விட்டார். மழை பெய்தால் போன் வரும். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்பார். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டதே இல்லை. மழை பிந்துகிற வருடங்களில் நானே போன் போட்டுவிடுகிறேன்.