ஸ்டோரில் காட்டிய இத்தாலிப் படம்

கூரைத் தகரத்துக்குப் பதிலாக நன்றியுணர்ச்சியைப் பயன்படுத்தலாம் என்று உலகிலேயே முதலில் கண்டுபிடித்தது எங்கள் ரப்பர்த் தோட்டம்தான். சரித்திரம் இதை மறக்கக் கூடாது.

1969ஆம் வருடம். இலங்கையின் இரத்தினபுரி மழை விட்டபாடில்லை. பால் வெட்டும் கருப்பாயியின் லயக் காம்பிரா, அதாவது வரிசை வீட்டில் அவளுக்கிருந்த ஒரே அறை, ஒழுகியது. அவள் மகள் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருந்தாள். "நாலு தகரம் குடுங்க தொரை" என்று கருப்பாயி ஆபீஸ் வாசலில் நின்றாள். துரை அவர்கள் ஆழ்ந்து யோசித்து, ஒரு படம் காட்ட உத்தரவிட்டார்.

இத்தாலிக்காரர்கள் பெரிய யுத்தத்தில் தோற்ற கையோடு, எண்ணூறு வருடத்துக்கு முந்திய யுத்தத்திலாவது ஜெயிப்போமென்று எடுத்த படம். கோட்டை, குதிரை, வாள் எல்லாம் உண்டு. அந்தக் காலத்து ஏழைகள் பட்ட பாட்டைப் பார்த்தால் எங்களுக்கு எங்கள் 'பாக்கியம்' புரியும் என்பது துரையின் தீர்க்கதரிசனம்.

ரப்பர் ஸ்டோரில் பங்களாப் படுக்கைவிரிப்பைத் திரையாகக் கட்டினார்கள். படம் இங்கிலீஷில் பேசியது. அதைத் தமிழாக்கும் மகத்தான பொறுப்பு ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் காளிதாஸுக்கு. பிரபு, சேவகன் என்றால் லயத்து ஆட்களுக்கு விளங்காதென்று அவர் எங்களுக்காக இறங்கி வந்தார்.

"இவருதான் அந்தத் தோட்டத்துப் பெரிய தொரை. அந்தக் கோட்டைதான் பங்களா. சவுக்கு வச்சிருக்கிறவன் கங்காணி. சாக்குச் சட்டை போட்டவங்கெல்லாம் நம்ம ஆளுக."

என்ன துல்லியம்! நாங்கள் கை தட்டினோம். துரையும் தட்டினார். அவருக்குத் தெரிந்த தமிழ் 'வேலைக்குப் போ' என்ற அளவுதான்.

பாதிப் படத்தில் மழை கொட்டியது. படத்துக்குள்ளேயும்தான். குடிசைக்குள் ஒருத்தி குழந்தைக்குக் கஞ்சி ஊட்டினாள்.

"பாத்தீங்களா, என்னா கஷ்டம்!" காளிதாஸின் குரல் தழுதழுத்தது.

கருப்பாயி எழுந்துவிட்டாள். "ஐயா, அந்தப் புள்ள நனையலியே?"

"கதையப் பாரு, கருப்பாயி."

"கூரையத்தாங்க பாக்குறேன்."

அதன் பிறகு கதாநாயகன் வாள் சுழற்றியதை, கோட்டைக் கதவு உடைந்ததை, ஒருவரும் சட்டை செய்யவில்லை. குடிசை வரும்போதெல்லாம் ஸ்டோரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் கூரையைப் பார்த்தது. கலைக்கு இதைவிட மரியாதை ஏது?

மறுநாள் காலை எங்கள் லயமே ஆபீஸ் வாசலில் திரண்டது. நன்றி சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்து, துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

"எங்களுக்குப் பத்துச்சீட்டு எழுதிக் குடுங்க" என்றாள் கருப்பாயி. வேறு தோட்டத்துக்கு மாறிப் போகிறவர்களுக்கு ஆபீஸ் கொடுக்கும் சீட்டு அது.

காளிதாஸ் திகைத்தார். "எந்தத் தோட்டத்துக்கு?"

"நேத்து காட்டுனீங்களே, அந்தத் தோட்டத்துக்குத்தாங்க."

"அட, அது எண்ணூறு வருசத்துக்கு முந்தி! இருண்ட காலம்! அந்தத் தொரை சவுக்கால அடிப்பாரு!"

"அடிக்கட்டுங்க ஐயா. புள்ள நனையாமத் தூங்குமில்ல?"