முயலுக்கு எண்ணெய்க் குளியல் எந்தக் கிழமை?

டாக்குரியா,
கொல்கத்தா.

மரியாதைக்குரிய மச்சான் மருதமுத்து அவர்களுக்கு,

சிவராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம், முயல் சுமார். அவ்விடம் உங்கள் இரண்டு கண்களும், சௌந்தரம் அக்காவின் முழங்காலும், கண் ஆபரேஷனுக்குத் துணையாக துர்கா பூஜை முடிந்த கையோடு விருதுநகர் வந்து இன்னமும் அங்கேயே இருக்கும் உங்கள் தங்கையும் என் மனைவியுமான தமயந்தியும் சுகம் என்று நம்புகிறேன். கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பதால் இதைத் தமயந்திதான் உங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். முயல் என்ற இடத்தில் நிறுத்தி முறைத்திருப்பாள். முறைத்தது போதும், மேலே படிக்கச் சொல்லுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "குளிருதா?" "கொஞ்சம்." அவ்வளவுதான் பேச்சு. அதையும் ஸ்பீக்கரில் போட்டு உங்கள் வீடே கேட்கிறது. கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் காலமெல்லாம் கடிதம் எழுதியே ஓய்வு பெற்றவன் நான், பேனாவைப் பிடித்தால்தான் எனக்கு வாய் திறக்கும். விஷயம் இதுதான். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. குக்கர் விசில் கூட நான் வைத்தால் அரை மனதோடுதான் வருகிறது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடக்கே பறவை, மீன், நாய்க்குட்டி எல்லாம் விற்கிற சந்தைக்குச் சும்மா போனேன். சும்மா போனவன் கையில் ஒரு வெள்ளை முயலோடு திரும்பினேன். கிளி வளர்க்கவே விடாதவள் இதைக் கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். கேட்க ஆள் இல்லாத தைரியம். எதிர் ஃபிளாட் பூர்ணிமா பௌதி (இங்கே பௌதி என்றால் அண்ணி) அதற்கு துலோ என்று பெயர் வைத்தாள். வங்காளத்தில் பஞ்சு என்று அர்த்தமாம்.

வந்த சில நாளிலேயே துலோ சொறிய ஆரம்பித்தது. பின்னங்காலால் அது சொறிகிற வேகத்தில் கூண்டே தந்தி அடித்தது. முதுகைப் பிரித்துப் பார்த்தால் பொடுகு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் அந்தப் பொடுகு நடக்கிறது, மச்சான். சத்தியமாக நடக்கிறது. பொடுகுக்கும் அரிப்புக்கும் நம் வீட்டில் என்ன வைத்தியம்? நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சித் தலைமுழுகுவதுதானே? ஆனால் எந்தக் கிழமை என்பதில் சிக்கிக்கொண்டேன். ஆணுக்குப் புதன், சனி. பெண்ணுக்குச் செவ்வாய், வெள்ளி. முயலுக்கு எதுவென்று அது ஆணா பெண்ணா என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? பூர்ணிமா பௌதியைக் கூப்பிட்டேன். அவள் அதைத் தூக்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேயே, தாதா, மேயே!" என்றாள். பெண்ணேதான். ஆக வெள்ளிக்கிழமை என்று நிச்சயம் செய்தேன். தமயந்தி இருந்திருந்தால் பஞ்சாங்கமும் பார்த்திருப்பாள்.

சீயக்காய் வாங்க லேக் மார்க்கெட்டில் நம்மூர்க்காரர் கடைக்குப் போனேன். கடைக்காரர், "அம்மாவ ரொம்ப நாளா காணோமே சார்?" என்றார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். "எப்ப வர்றாங்க?" என்றார். நான் சீயக்காய் கேட்டேன். சீயக்காய் யாருக்கு என்றார். முயலுக்கு என்று எப்படிச் சொல்வது? எனக்கு என்றேன். அவர் என் வழுக்கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு இருப்பதிலேயே சின்னப் பாக்கெட்டாக எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதவே கை கூசுகிறது. எண்ணெய் தேய்க்கும்வரை துலோ பேசாமல் இருந்தது. வெந்நீர் ஒரு சொம்பு விழுந்ததும் நாலு காலையும் நீட்டி விறைத்துவிட்டது. பிறகு துள்ளி எழுந்து, எண்ணெய் முதுகோடு கட்டில், சோபா, பூஜை அலமாரி என்று வீட்டைச் சுற்றி வந்து, அடுப்படி மூலையில் போய் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தது. துவாலை எதுவும் அகப்படவில்லை. தமயந்தியின் பழைய சுங்குடிச் சேலையை எடுத்துச் சுற்றி, ஆட்டோ பிடித்து மிருக டாக்டரிடம் ஓடினேன். இடுப்பில் எனக்கும் அரிப்பு. ஆட்டோவில் நாங்கள் இருவருமே சொறிந்துகொண்டுதான் போனோம்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். "ஸ்நான்? முயலுக்கு ஸ்நானா?" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். தண்ணீரில் முக்கினால் பயத்திலேயே உயிர் போய்விடுமாம், நனைந்த ரோமம் லேசில் காயாமல் குளிர் ஏறிவிடுமாம். ரோமத்துக்குள் வாழும் பொடிப் பூச்சி பொடுகைத் தள்ளிக்கொண்டு போவதுதான் எனக்கு நடப்பது போல் தெரிந்ததாம். பிடரியில் சொட்டு மருந்து வைத்தாள். கூண்டில் விரித்ததை எல்லாம் மாற்றி, கொஞ்ச நாள் கழித்து இன்னொரு தவணை மருந்து வைக்க வேண்டும் என்றாள். நாய்க்குப் போடும் உண்ணி மருந்து எதையும் கேட்காமல் வைத்துவிடாதீர்கள், சிலது முயலுக்கு எமன் என்றாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அரிக்கிறதா என்று கேட்டாள். பழக்கதோஷம், மனைவி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவளையும் காட்டச் சொன்னபோதுதான் அவள் ஊரில் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில், "இதுக்கு ஜோடி இருக்கா? தனியா இருந்தா முயல் வாடிப்போகும், தின்னாது" என்றாள். தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

அன்று பகல் முழுக்க அது எதையும் தொடவில்லை. சேலையோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சேலையில் இன்னும் கொஞ்சம் மஞ்சளும் தாளிப்பும் மணந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு கொத்தமல்லி இலையைக் கடித்தது. எனக்கும் அப்போதுதான் பசித்தது.

ஆகவே, மச்சான், தமயந்தியை அவசரப்பட்டு அனுப்பிவிட வேண்டாம். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பூச்சி ஒழியும்வரை இந்த வீட்டுக்கு யாரும் வராமல் இருப்பதுதான் நல்லது. உங்கள் கண் நன்றாகத் தெளியட்டும், சித்திரை கழிந்து மெதுவாக வந்தால் போதும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் இரு கண்களுக்கும் தனித்தனியாக என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சிவராஜ்.

பின்குறிப்பு: தமயந்தி, இத மட்டும் மனசுக்குள்ள படி. மச்சான் கேட்டா முயல் தீனி பத்தி எழுதியிருக்குன்னு சொல்லு. ரெண்டாவது தவணையும் வச்சு முடிச்சாச்சு. ஒரு பூச்சி கிடையாது, டாக்டர் பொண்ணே பாத்துச் சொல்லிடுச்சு. வர வேண்டாம்னு எழுதினது முச்சூடும் பொய். மச்சான் பேப்பர் படிக்க ஆரம்பிச்சு நாளாச்சுன்னு சௌந்தரம் அக்கா போன்ல வாய்தவறிச் சொல்லிட்டாங்க. அதனால இத அவரே எடுத்துப் படிச்சாலும் படிப்பாரு. படிக்கட்டும். அங்க உனக்குப் பேச நாலு பேர் இருக்காங்க, வாசல்ல நின்னாலே தமிழ் கேக்கும். இங்க நானும் வாயில்லாத ஒரு முயலும்தான். தெரிஞ்சேதான் கேக்குறேன். வந்துடு.