போர்பனுக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய் பஜ்ஜி

தெரியாத இங்கிலீஷ் வார்த்தையால் ஆபத்தே இல்லை, யாரையாவது கேட்டுவிடுவோம். தெரிந்த வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கும். என்னைக் கவிழ்த்தது ‘போர்பன்’.

வாட்ஸ்அப் எல்லாம் வராத காலம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு அட்மின் வேலை. பென்னலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வந்து, ‘இங்கிலீஷ் பேசும் பொண்ணு’ என்று பெயர் எடுத்திருந்தேன். (பேசினேன் என்பது உண்மை. அது இங்கிலீஷ்தானா என்பதில் இரண்டு கருத்து உண்டு.)

புது லைனை ஓடவைக்க அமெரிக்காவிலிருந்து கிரெக் என்பவர் வந்திருந்தார். ஐம்பது வயது, தனிக்கட்டை. படப்பை கெஸ்ட் ஹவுஸில் பிரெட்டும் முட்டையுமாகப் பல மாதம் ஓட்டினார். லைன் ஆட்களுக்கு அவர்மேல் உயிர். ஒருவன் கை மெஷினுக்குள் போக இருந்தபோது பாய்ந்து இழுத்து, தன் விரலை நசுக்கிக்கொண்ட மனிதர் அவர்.

லைன் நன்றாக ஓடத் தொடங்கியதும் ஊருக்குக் கிளம்பினார். அதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, “நாளை சாயங்காலம் கெஸ்ட் ஹவுஸில் போர்பன் டேஸ்டிங். இந்த நாளுக்காகவே ஊரிலிருந்து கொண்டுவந்து பத்திரமாக வைத்திருக்கிறேன். லைன் ஆட்கள் ஆறு பேரும் வரவேண்டும். கூடச் சாப்பிடப் பொருத்தமாக நீ ஏதாவது ஏற்பாடு செய்” என்றார்.

போர்பன் எனக்குத் தெரியாதா? நீளமாக, மேலே சர்க்கரை தூவி, நடுவில் சாக்லேட் க்ரீம் வைத்த பிஸ்கட்! பாவம் மனுஷன், இத்தனை மாதமாகத் தின்னாமல் ஒளித்து வைத்திருக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நமுத்துப் போயிருக்குமே என்ற கவலை வேறு.

பிஸ்கட்டுக்குப் பொருத்தம் டீ. குழந்தைகளுக்குச் சத்துமாவு கலந்த பால். உப்பு உறைப்புக்கு மிளகாய் பஜ்ஜி. லைனுக்குப் போய், “சார் பிஸ்கட் குடுக்கறாரு, எல்லாரும் குடும்பத்தோட வாங்க. புள்ளைங்கள கண்டிப்பா கூட்டினு வாங்க, அதுங்கதான் டேஸ்ட் கரெக்டா சொல்லும்” என்று நானே அழைப்பு வைத்தேன்.

மறுநாள் பட்டுப்புடவைகளும் பிள்ளைகளும் பலூன்களுமாக ஹால் நிறைந்தது. உள்ளேயிருந்து கிரெக் ஒரு பாட்டிலோடும் ஏழு குட்டி கிளாஸோடும் வந்தார். லேபிளை எட்டிப் பார்த்தேன்: விஸ்கி! அவர் ஊரில் போர்பன் என்றால் அதுவாம்.

அவரோ கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். ஏழு கிளாஸிலும் அளந்து ஊற்றினார். முதலில் முகர வேண்டும், பிறகு ஒரு சொட்டு, அப்புறம் ஒரு கடி, மறுபடி ஒரு மடக்கு என்று பாடம் எடுத்தார். நான் மொழிபெயர்த்தேன். (சாவுச் செய்தி சொல்பவர்கூட அவ்வளவு சோகமான குரலில் சொல்லமாட்டார்.)

முதல் கிளாஸ் சூப்பர்வைசர் முருகேசனுக்கு. சிவகங்கைக்காரர். சம்பள நாளில் அவர் அடிக்கும் லூட்டி படப்பைக்கே தெரியும். பக்கத்தில் நின்ற மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஆத்தி! எனக்குப் பழக்கமே கிடையாது சார்” என்று கும்பிட்டார். மற்ற குடும்பஸ்தர்களும் அதே கும்பிடு. ஆறு பேரில் செல்வம் மட்டும் பிரம்மச்சாரி, அவன் குடித்திருக்கலாம். ஆனால் அவனுக்கு என்மேல் ஒரு கண். “நான்லாம் இத்த மோந்துகூட பாத்ததில்ல” என்று எனக்குக் கேட்கும்படி சொன்னான்.

“அங்கிள் பிஸ்கட்ட எப்பம்மா குடுப்பாரு?” என்றது ஒரு குழந்தை.

கிரெக் தன் கிளாஸை ஒரு மடக்கு குடித்தார். பஜ்ஜியை ஒரு கடி கடித்தார். மறுபடி ஒரு மடக்கு. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “இதுதான்! இதைவிடப் பொருத்தம் கிடையாது!” என்று ஒவ்வொருவரிடமும் கிளாஸை நீட்டினார். ஒவ்வொருவரும் ஓரடி பின்வாங்கினார்கள். கடைசி ஆளும் நகர்ந்தபோது அந்த மலர்ச்சி போய்விட்டது.

என் அருகில் வந்து மெல்லக் கேட்டார்: “நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?”

தப்பு என்னுடையது, பிஸ்கட் என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும், வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். ஆனால் என் ‘இங்கிலீஷ் பொண்ணு’ பட்டம் என்னாவது? “டீ ஆறுது சார், குடிங்க” என்றேன்.

குடித்தார். பிறகு ஆறு கிளாஸையும் ஒவ்வொன்றாக, சிந்தாமல், பாட்டிலிலேயே திரும்ப ஊற்றினார். எல்லாருக்கும் கை கொடுத்தார். மறுநாள் விமானம் ஏறிவிட்டார்.

போர்பனோடு சாக்லேட் நன்றாகச் சேருமாம். ரொம்ப நாள் கழித்துப் படித்தேன். அன்றைக்கு நான் ஒரு பாக்கெட் பிஸ்கட்டாவது வாங்கியிருக்கலாம். அவர்தான் கொண்டுவருகிறாரே என்று அதையும் வாங்கவில்லை.

செல்வம் இன்று என் கணவர். பந்தியில், வளைகாப்பில், எங்கும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். எங்கள் வீட்டில் பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வி வந்தால், “டீ ஆறுது சார்.” கணக்குப் பரீட்சை மார்க் கேட்டால் என் மகளுக்கும் அதே பதில்தான். எல்லாரும் சிரிப்போம். நான்தான் அதிகம் சிரிப்பேன்.

போன வாரம் பஜ்ஜி போட்டிருந்தேன். ஒன்றைக் கடித்தபடி செல்வம் கேட்டார்: “கம்பெனில கேட்டா அந்தாளு போன் நம்பர் கெடைக்கும். பிஸ்கட்னு நெனச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா? இன்னாத்துக்கு மனசுலயே வெச்சினுகீற?”

“டீ ஆறுது சார்” என்றேன்.

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.