பொறாமை நுரைக்கும் கிண்ணம்

பொலிவியாவில் எங்கள் ஊரான எல் ஆல்ட்டோவில் செவ்வாய்க்கிழமை வந்தால் பொறாமைக்கு ஓய்வில்லை. அன்றுதான் மந்திரித்துக் குணமாக்கும் தோன் எவாரிஸ்டோ சந்தையில் கூடாரம் போடுவார். வரிசை மினிபஸ் நிறுத்தம் வரை நீளும். பல்வலிக்காரர், வேலை போனவர், கணவன் ஓடிப்போனவள், எல்லோருக்கும் ஒரே நோய்: பிறர் பொறாமை. ஒரே மருந்து: எங்கள் மலைத் தானியமான கினோவா.

முறையை வரிசைப்படி எழுதிவிடுகிறேன். வாசலில் அவரிடமே ஒரு வெள்ளைத் துணிப்பை வாங்க வேண்டும். ஆசி இலவசம், பைக்குத்தான் காசு. வீட்டில் கழுவிக் காயவைத்த கினோவாவை அதில் கட்டிக் கொடுக்க வேண்டும். பையால் அவர் நம் தலையைச் சுற்றுவார். தன் கம்பளிப் போர்வைக்குள் நெஞ்சோடு அணைத்து முணுமுணுப்பார். பிறகு கிண்ணத்துத் தண்ணீரில் கொட்டிக் கலக்குவார். பொங்கிக்கொண்டு நுரை வரும்.

கழுவாத கினோவா சோப்பைப் போல நுரைக்கும் என்பது எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கழுவியது நுரைக்கிறதே! பொறாமைதான், வேறென்ன? கட்டிய பையை யாரும் நடுவில் பிரிக்கக்கூடாது. பிரித்தால் பொறாமை பறந்துவிடுமாம்.

மாலை வகுப்புக்கு முன் நான் நிக்கனோரா அக்காவின் கடையில்தான் சாப்பிடுவேன். கினோவா, மொச்சை, தக்காளி, பாலாடைக்கட்டி போட்ட சாலட். அக்கா விற்பாள், தங்கை எர்லிந்தா சமைப்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை எர்லிந்தா துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அவளக் கேளு தம்பி. நான்தான் கண்ணு வச்சேனாம். நுரை சொல்லிச்சாம்."

"கண்ணு வச்சது ஒரே சட்டியில சாப்பிடுறவதான்னு அந்த ஐயா சொன்னாரு," என்றாள் நிக்கனோரா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "இல்லேன்னா யாவாரம் ஏன் படுத்துச்சு?"

எதிரே புதிதாகத் திறந்த கோழி வறுவல் கடையில் கால்வைக்க இடமில்லை. நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவ பாத்துருவோம்க்கா. நான் கட்டித் தர்றேன்."

சாலட்டில் அழகுக்காகத் தூவ வைத்திருந்த கறுப்பு கினோவாவை எடுத்து, எவாரிஸ்டோவிடம் வாங்கிவந்த புதுப் பையில் கட்டினேன்.

"கறுப்பு எதுக்குடா?" என்றாள் நிக்கனோரா.

"கழுவினதுதானே?"

"கழுவினதுதான்."

"அப்புறமென்ன?"

கேட்டுவிட்டேனே தவிர, நான் நினைத்தது தவறோ என்று கூடாரம் போகும் வழியெல்லாம் யோசித்தேன். எர்லிந்தாவும் மூட்டையோடு கூடவே வந்தாள்.

எவாரிஸ்டோ பையைச் சுற்றினார், அணைத்தார், முணுமுணுத்தார், கொட்டினார். கிண்ணம் பொங்கியது. கூட்டம் சிலுவைக்குறி போட்டுக்கொண்டது.

"பாத்தியா தாயி! அவ இன்னும் வீட்ட விட்டுப் போகல."

நிக்கனோரா நுரையை விலக்கிப் பார்த்தாள். "ஐயா, நான் கொண்டாந்தது கறுப்பு கினோவா. இது வெள்ளையா இருக்கே?"

அவர் கிண்ணத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கறுப்பு உன்னப் புடிச்ச பீடை. வெளுத்துட்டேன்!"

கூட்டம் கைதட்டியது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எர்லிந்தாவுக்கு வரவில்லை. "அப்ப நான் வச்ச கண்ணு போயிருச்சு! சாமி, உங்களக் கட்டிப் புடிச்சுக் கும்பிடணும்!" என்று பாய்ந்து, போர்வையோடு சேர்த்து ஓர் இழுப்பு இழுத்தாள்.

பொத்துப் பொத்தென்று வெள்ளைப் பைகள் விழுந்தன. ஒன்று அவிழ்ந்து கறுப்பு கினோவா சிதறியது. நிக்கனோரா அதை அள்ளி வேறொரு கிண்ணத்தில் போட்டுக் கலக்கினாள். ஒரு குமிழிகூட இல்லை. இன்னொரு பையைப் பிரித்தாள்: வெள்ளை, கழுவாதது. அதையும் போட்டாள். யார் தலையையும் சுற்றாமலே பொங்கி வழிந்தது.

எவாரிஸ்டோ கூடாரத்தின் பின்பக்கமாக இறங்கி நடையைக் கட்டினார்.

"அப்ப என் பல்வலி?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார்.

"பல்லப் புடுங்குங்க," என்றாள் எர்லிந்தா. அக்காவிடம் மூட்டையை நீட்டினாள். "நீதான் போகச் சொன்ன. நீயே தூக்கிட்டு வா."

நிக்கனோரா தூக்கிக்கொண்டாள்.

கசக்குமே என்று கினோவாவை நுரை அடங்கும்வரை அலசி அலசிக் கழுவுகிறோம். காதில் விழுவதை மட்டும் ஒரு தண்ணீர்கூட அலசாமல் விழுங்கிவிடுகிறோமே, ஏன்?