நூற்றுக்கு நூற்று முப்பத்தொன்று

ஒரு கல்வி நிலையத்தின் தரத்தை அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்த காலம் ஒன்று இருந்ததாம். இப்போது அந்தச் சிரமம் யாருக்கும் இல்லை. எத்தனை பேரை உள்ளே விடவில்லை என்று கேட்டால் போதும், தரம் தெரிந்துவிடும். அதற்கென்றே ஓர் எண் இருக்கிறது. கட்-ஆஃப் என்று பெயர். அது உயர உயர நிலையத்தின் புகழும் உயரும். கட்டடத்தின் ஓடுகள் ஒழுகுவது யார் கண்ணிலும் படாது.

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் சாலையில் அப்படி ஒழுகும் ஓடுகளுக்குக் கீழே மலைப்பயிர் மேற்படிப்பு நிலையம் இயங்கி வந்தது. எம்.எஸ்சி. தேயிலை இயல், இரண்டு வருடம், பன்னிரண்டு இடங்கள். ‘கட்-ஆஃப் மதிப்பெண் எக்காரணம் கொண்டும் முந்தைய ஆண்டைவிடக் குறையலாகாது’ என்று மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்று இருந்தது. அதன்படி அது ஆண்டுதோறும் ஏறி, சென்ற ஆண்டு நூற்றுக்கு நூறாகிவிட்டது. அந்த ஆண்டு வினாத்தாளில் பாதிக் கேள்விகள் தப்பு, எனவே எல்லோருக்கும் முழு மதிப்பெண். மீதிப் பாதிக்கு விடை கேள்வியிலேயே இருந்தது.

இந்த ஆண்டு யாரோ கவனக்குறைவாகச் சரியான வினாத்தாள் தயாரித்துவிட்டார்கள். வந்தது வினை.

மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் தொழிலாளர் லயத்து வாசலில் நின்று, சிக்னல் கிடைத்த ஒரே இடத்தில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, கோகிலவாணி தன் மதிப்பெண் அட்டையைப் படித்தாள். பி.எஸ்சி. தாவரவியல் முடித்தவள், எஸ்டேட் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் தற்காலிக வேலை. அந்த ஃபேக்டரியிலேயே தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கும் உதவி டீ மேக்கர் ஆகவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு இந்த எம்.எஸ்சி. வேண்டும். கிடைக்காவிட்டால் திருப்பூர், பனியன் கம்பெனி வேனில் மாமா ஏற்கெனவே இடம் சொல்லி வைத்திருந்தார்.

அட்டையில் இப்படி இருந்தது:

‘மாதிரியின் பெயர்: அ. கோகிலவாணி. பெற்ற மதிப்பெண்: 91. விளைந்த உயரம்: 300 மீட்டர். உயரத் திருத்தம்: கழித்தல் 75. இறுதி மதிப்பெண்: 16. ஈரப்பதம்: குறிப்பிடப்படவில்லை. ரகம்: டஸ்ட்.’

அவளுடைய அப்பா அய்யாவு ஆறு வயதில் கப்பலேறி இலங்கையிலிருந்து வந்தவர். அன்றிலிருந்து தேயிலையைத் தவிர வேறெதையும் அறியாதவர். அவர் எட்டிப் பார்த்தார்.

“டஸ்ட்டா? கடைசித் தூளு. பரவால்ல புள்ள. ஏலத்துல டஸ்ட்டுதான் மொதல்ல போவுது.”

“அப்பா, இது நானு. தேயில இல்ல.”

“அப்புடியா? ஈரப்பதம்னு போட்டிருக்கானே.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “திங்கக்கெழம வேன் வந்துரும்மா. மாமா போன் போட்டுக்கிட்டே இருக்காரு.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. மஞ்சூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொண்டை ஊசி வளைவுகளில் இடமும் வலமுமாக ஆடி, அவள் நிலையத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தாள். கையில் ஒரு மனு: உயரத் திருத்த விதியை அடியோடு ரத்து செய்யக் கோரி.

சேர்க்கைப் பிரிவின் கண்காணிப்பாளர் கீர்த்திவாசன் கோயம்புத்தூர்க்காரர். மலைக்கு மாற்றலாகிப் பதினோரு வருடமாகியும் குளிருக்குப் பழகாமல் மேஜைக்கு அடியில் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டிருந்தார். நல்ல மனிதர். விதியில் இருந்தால் எதையும் செய்வார். இல்லையென்றால் எதையும் செய்யமாட்டார். இரண்டையும் ஒரே புன்னகையோடு செய்வார். அவர் மனுவை வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு, ‘தக்க மேல்நடவடிக்கையின் பொருட்டுப் பணிந்தனுப்பப்படுகிறது’ என்று எழுதி ஒரு தட்டில் போட்டார்.

“இது எப்பங்க முடிவாகும்?”

“உரிய காலத்துலங்க.”

“சேர்க்கை திங்கக்கெழமை முடியுதுங்களே!”

“ஆமாங்க. அது வேற காலம்.”

கோகிலவாணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “சார், நான் கேட்டது ஊட்டி சென்டர். இல்லைன்னா குன்னூர். கம்ப்யூட்டர்தான் மலையிறங்கி மேட்டுப்பாளையத்துல போய் எழுதச் சொல்லுச்சு. அதுக்கு எழுபத்தஞ்சு மார்க்கக் கழிச்சா எப்படிங்க?”

“நீங்க அப்படிப் பாக்கக் கூடாதுங்க,” என்றார் கீர்த்திவாசன், ஆறுதலாக. “வெவ்வேறு ஊர்ல எழுதினவங்களைச் சமப்படுத்தணும். அதுக்கு ஃபார்முலா வேணும்னு மேலிருந்து கேட்டாங்க. நம்ம ஆபீஸ்ல நல்லா வேலை செய்யற ஃபார்முலா ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. தேயிலை மாதிரிகளுக்குப் போடற உயரத் திருத்தம். குன்னூர் ஆயிரத்தி எண்ணூறு மீட்டர். அதுக்கு மேல நூறு மீட்டருக்கு அஞ்சு மார்க் கூட்டணும், கீழ போனா அஞ்சு கழிக்கணும். உயரத்துல விளைஞ்சதுக்கு மணம் அதிகமுங்க. உலகமே ஒத்துக்குது.”

“தேயிலைக்குங்க!”

“தேயிலை இயல் படிப்புத்தானேங்க.”

கீர்த்திவாசன் விதித்தொகுப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“திருத்தம் போட்டதும் ஊட்டியில எழுதினவங்க எல்லாம் இருபது ஏறிட்டாங்க. எண்பத்தொண்ணு நூத்தியொண்ணாச்சு. கட்-ஆஃப் நூத்தியொண்ணு. போன வருசத்த விட ஒண்ணு அதிகம். இயக்குநர் கண்ணுல தண்ணி வந்திருச்சுங்க.”

“நூத்துக்கு நூத்தியொண்ணா?”

“தரம்னா எல்லை இருக்கக் கூடாதுங்க.”

கோகிலவாணி விதித்தொகுப்பைப் படித்தாள். ஃபேக்டரியில் கொழுந்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தில் எதையும் முழுவதும் பார்த்துவிடுவாள். ஏழாம் விதி, உட்பிரிவு ஆ-வுக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. ‘ஒரு மாதிரி ஒன்றுக்கு மேற்பட்ட உயரங்களில் இருந்திருப்பின், அவற்றுள் மிக உயர்ந்ததே கணக்கில் கொள்ளப்படும்.’

“சார், என் விடைத்தாள் இப்ப எங்கங்க இருக்கு?”

“அந்தப் பீரோவுல.”

“பீரோ எங்க இருக்கு?”

“இங்கதானுங்க, குன்னூர்ல…” கீர்த்திவாசன் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு விதியை ஒருமுறை படித்தார், மறுமுறை படித்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. அலுவலக வாழ்க்கையில் ஒரு மனிதனுக்கு அதிகமாகப் போனால் இரண்டு முறை வரும் வெளிச்சம் அது. “சரிதானுங்க! மாதிரி மேட்டுப்பாளையத்துலயும் இருந்திருக்கு, குன்னூர்லயும் இருக்கு. உயர்ந்தது குன்னூர். திருத்தம் பூஜ்யம். உங்களுக்கு மறுபடியும் தொண்ணூத்தியொண்ணு!”

“அப்ப எனக்கு சீட்டு?”

“கிடையாதுங்க. கட்-ஆஃப் நூத்தியொண்ணாச்சே. உங்களுக்குப் பத்து குறையுது.”

“தேர்வு எழுதினதுலயே அதிக மார்க் என்னுதுதானேங்க?”

“ஆமாங்க. ஆனா பத்து குறையுது. அதாவது,” கால்குலேட்டரைத் தட்டினார், “இருநூறு மீட்டர்.”

ஜன்னலுக்கு வெளியே மேகம் விலகி, தூரத்தில் நீலகிரியிலேயே உயரமான தொட்டபெட்டா சிகரம் தெரிந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். முதலில் பேசியது யார் என்பது பின்னால் கோப்பில் சர்ச்சையானது.

சனிக்கிழமை காலை, அரக்கு முத்திரையிட்ட உறையில் கோகிலவாணியின் விடைத்தாள் தொட்டபெட்டாவுக்குப் புறப்பட்டது. எடுத்துச் சென்றவர் அலுவலக உதவியாளர் மனுவேல். மனுதாரர் உடன் செல்லலாம், ஆனால் உறையைத் தொடலாகாது என்று உத்தரவு. ஆகவே பஸ்ஸில் மனுவேலும் உறையும் ஒரு சீட்டில். கோகிலவாணி பின் சீட்டில்.

“ஏனுங்க அம்மணி,” மனுவேல் திரும்பினார், “காகிதம் மேல போனா அறிவு ஏறுமுங்களா?”

“தேயிலைக்கு மணம் ஏறுதுங்களே.”

“தேயிலை அங்கயே வேர் பிடிச்சு நிக்குது. இது பஸ்ல போகுது. அப்படிப் பாத்தா இந்தக் கண்டக்டரு தினம் நாலு தடவ மேல போறாரு. அவருக்கு இந்நேரம் டாக்டர் பட்டம் குடுத்திருக்கணும்.”

“இருக்கற இடத்துலதான் மார்க்குன்னா நாம என்னங்க பண்றது.”

“அதுவும் சரிதான்,” என்று உறையைத் தன் ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டார் மனுவேல். “பாவம், இதுக்குக் குளுருமில்ல.”

சிகரத்தில் ஒன்றரை அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. சுற்றுலா வந்தவர்கள் தெரியாத காட்சியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். உயரம் எழுதிய பலகையின் முன்னே மனுவேல் உறையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து நின்றார். கோகிலவாணி படமெடுத்தாள். எத்தனை நேரம் வைத்திருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. படிவத்தில் ‘வாட்டிய நேரம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. மனுவேல் ஒரு மிளகாய் பஜ்ஜியும் ஒரு டீயும் சாப்பிட்டு முடித்து, ‘அரை மணி’ என்று எழுதினார். ‘வாட்டத்தின் தன்மை’ என்ற அடுத்த கட்டத்தில் நேர்மையாக ‘வாடவில்லை’ என்று எழுதினார்.

இரண்டாயிரத்து அறுநூறு மீட்டர். கூட்டல் நாற்பது. இறுதி மதிப்பெண் நூற்று முப்பத்தொன்று.

செய்தி மனுவேல் கீழே இறங்குவதற்குள் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையென்றும் பாராமல் நிலையத்தின் வாசலில் கூட்டம். அருவங்காட்டிலிருந்து ஒரு அப்பா தன் மகன் விடைத்தாளைத் தன் ஜீப்பிலேயே ஏற்றிப்போவதாகச் சொன்னார். இத்தலாரிலிருந்து வந்த அம்மா, தொட்டபெட்டாவில் தொலைநோக்கி வைத்த மாடி இருக்கிறதே, அதில் ஏறினால் இன்னும் அரை மார்க் வருமே என்று கேட்டார். கீர்த்திவாசன் மாடி கட்டடம்தான், மலை ஆகாது என்று தீர்ப்பளித்தார். கடைசியில் சமநீதி கருதி, இருநூற்று எண்பத்தாறு விடைத்தாள்களையும் இரண்டு கொழுந்துச் சாக்கில் கட்டி மனுவேல் மேலே கொண்டுபோனார்.

திங்கட்கிழமை காலை பட்டியல் வந்தது. கட்-ஆஃப் நூற்று இருபத்தொன்று. கோகிலவாணி முதலிடம்.

பட்டியலைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. உள்ளே போனாள்.

“சார், எல்லாத் தாளும் ஒரே உயரத்துக்குப் போயிட்டு வந்துச்சு. எல்லாருக்கும் நாப்பது கூடிருக்கு. அந்த நாப்பதக் கழிச்சுட்டா, மொதல்ல எடுத்த மார்க்குதானேங்க?”

கீர்த்திவாசன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மெதுவாப் பேசுங்க. கழிச்சா கட்-ஆஃப் எண்பத்தொண்ணுங்க. எண்பத்தொண்ணு எடுத்தாலே இங்க சேத்துக்கறாங்கன்னு வெளிய தெரிஞ்சா யாருங்க மதிப்பாங்க? உங்களைத்தான் யார் மதிப்பாங்க?”

திருப்பூர் வேன் அவள் இல்லாமல் போயிற்று. லயத்தில் அய்யாவு ஒவ்வொரு வாசலாக நின்று சொன்னார்: “நூத்துக்கு நூத்தி முப்பத்தொண்ணு.” அடுத்த வீட்டு ஆயம்மாள் கணக்குத் தெரிந்தவள். “நூத்துக்கு நூறுதானே அண்ணே வரும்? மிச்சம் முப்பத்தொண்ணு யாரு போட்டா?” என்றாள். “அது மலை போட்டது,” என்றார் அய்யாவு. அம்மா பொன்னாயி அட்டையைச் சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்கு நடுவே மாட்டினாள். ஊட்டியில் ஒரு பயிற்சி மையம், கோத்தகிரியில் ஒன்று, அவள் பேரே கேள்விப்படாத ஊரில் ஒன்று, மூன்றும் அவள் முகத்தைப் போட்டு ‘எங்கள் மாணவி 131/100’ என்று பேனர் கட்டின. தொட்டபெட்டா சாலையில் நான்காவது மையம் ஒன்று திறந்தது. அங்கே பாடம் கிடையாது. உட்கார்ந்திருந்தால் போதும்.

இரண்டு வருடம் ஓடியது. படிப்பு முடியும் தறுவாயில் அவள் ஆசைப்பட்ட ஃபேக்டரியே விளம்பரம் செய்தது: உதவி டீ மேக்கர்; தேயிலை இயலில் எம்.எஸ்சி.; நுழைவுத் தேர்வு மதிப்பெண் நூற்று இருபதுக்குக் குறையாமல்.

விண்ணப்பத்துக்குச் சான்றொப்பம் வாங்க அவள் சேர்க்கைப் பிரிவுக்குப் போனபோது கீர்த்திவாசன் மலர்ந்த முகத்தோடு ஒரு கோப்பை எடுத்து வைத்தார்.

“வாங்கம்மா. உங்களுக்கு நல்ல சேதி. மேல இருந்து முடிவு வந்தாச்சு. உரிய காலத்துல வரும்னு சொன்னனா இல்லையா?”

“எந்த முடிவுங்க?”

“உங்க மனு! உயரத் திருத்த விதி அநியாயம், ரத்து பண்ணுங்கன்னு குடுத்தீங்களே. ஏழு மேஜை தாண்டிப் போயிட்டு வந்திருக்கு. ‘மனுதாரரின் வாதம் முற்றிலும் ஏற்புடையது’ன்னு எழுதியிருக்காங்க. நீங்க இந்த எடத்துல சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். இன்னைக்கே ரத்து. இந்த வருசப் பசங்களுக்குத் தொல்லை விட்டுது.”

கோகிலவாணி பேனாவைத் திறந்தாள். அந்த மனுவின் ஒவ்வொரு வரியும் அவளுக்கு இப்போதும் சரியென்றே பட்டது. நல்ல கோபத்தோடு எழுதியிருந்தாள்.

“முன்தேதியிட்டு அமலாகுமுங்க,” என்று கீர்த்திவாசன் விவரத்துக்காகச் சேர்த்துக்கொண்டார். “உங்க அட்டையும் மாத்தித் தருவோம். தொண்ணூத்தியொண்ணு. அசல் மார்க்கு.”

பேனா நின்றது.

வெளியே சாரல். ஓட்டிலிருந்து ஒரு சொட்டு கோப்பின் ஓரத்தில் விழுந்தது. கோகிலவாணி அதைத் துப்பட்டாவால் ஒற்றி எடுத்தாள். பிறகு, இந்த நிலையத்தில் இரண்டு ஆண்டுகளாகக் கற்றதையெல்லாம் கூட்டி, அழகான கையெழுத்தில் எழுதினாள்:

‘மனு அளித்த நாளில் மனுதாரர் இருந்த உயரமும் தற்போது இருக்கும் உயரமும் வேறு வேறாகையால், விதி 7(ஆ)-இன்படி உயர்ந்ததே கணக்கில் கொள்ளப்பட வேண்டும் எனவும், நிலையத்தின் தரம் கருதி மேற்படி மனு திரும்பப் பெறப்படுகிறது எனவும் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது.’

கீர்த்திவாசன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். அந்த வெளிச்சம் இரண்டாவது முறையாக அவர் முகத்தில் வந்தது.

“டீ மேக்கர் வேலைக்குப் போயி வீணாப் போகாதீங்கம்மா,” என்றார். “நம்ம ஆபீஸ்ல ஒரு எடம் காலியா இருக்கு.”

வாசலில் மனுவேல் இரண்டு கொழுந்துச் சாக்கோடு காத்திருந்தார். இந்த வருடத்து விடைத்தாள்கள். அவருக்கும் இரண்டு வயது கூடியிருந்தது.

“ஏனுங்க அம்மணி, விதிய எடுத்துட்டாங்களாமே. இனி ஏத்த வேண்டியதில்லீங்களா?”

“ஏத்தணுங்க,” என்றாள் கோகிலவாணி. ஒரு சாக்கின் முனையைப் பிடித்துப் பஸ்ஸுக்குள் தூக்கிவிட்டாள். “போன தடவ மாதிரி அரை மணியில எறங்கிராதீங்க. பசங்க எதிர்காலம். நல்லா வாடட்டும்.”