துரைக்குக் கொடுத்த பதினொரு மாத்திரை

இராஜபாளையம்,
22-12-94

அன்பு மகள் செல்வி மாரீஸ்வரிக்கு,

அப்பா ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். துரை வாலை ஆட்டிக்கொண்டு எங்கள் இருவரையும்விடச் சுகம். நீயும் விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் சாப்பிட்டு, நாய் மாடு வைத்தியத்தை நன்றாகப் படித்து, சுகமாக இருக்க ஆண்டாள் துணை. உன் ஒற்றைச் செருப்பைப் பற்றி மூன்றாவது தடவையாகக் கேட்டிருந்தாய். வீடு முழுக்கத் தேடிவிட்டேன், இங்கே இல்லவே இல்லை. ரயிலில் விட்டிருப்பாய்.

இதைப் படித்துவிட்டு நீ பதற வேண்டாம். பதற வேண்டியதையெல்லாம் நாங்களே பதறி முடித்துவிட்டோம். ஜூன் மாதம் நீ துரையின் ரத்தத்தைச் சோதித்து, இதயப் புழு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முதல் மாத்திரையை உன் கையால் விழுங்கவைத்தாய். மீதிப் பதினொன்றைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, "மாசாமாசம் ஒண்ணாந்தேதி ஒண்ணு, மறந்துராதீகப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய். மில்லில் முப்பத்திரண்டு வருடம் நாள் தவறாமல் மெஷினுக்கு எண்ணெய் விட்டவனிடம் மறக்காதே என்கிறாயே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஜூலை முதல் தேதி தொடங்கி, மாதம் தவறாமல், மில் சங்கு ஊதியதும் பால்கோவாவுக்குள் மாத்திரையைப் பொதிந்து கொடுத்தேன். துரையும் மரியாதையாக வாயில் வாங்கிக்கொண்டு, உன் அறைக்குள் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், போன வாரம் மார்கழி பிறந்த அன்று காலை உன் அம்மா குளித்து முழுகிவிட்டு வந்து டப்பாவைத் திறந்தாள்.

"ஏங்க, தொரைக்கு மாத்திர எங்க? டப்பா காலியால்லா கெடக்கு?"

"இன்னைக்கு எதுக்குட்டி மாத்திர? நாந்தான் ஒண்ணாந்தேதியே குடுத்துட்டனே."

"இன்னைக்குத்தான ஒண்ணாந்தேதி!"

விஷயம் இதுதான். நீ எந்த மாதத்து ஒன்றாம் தேதி என்று சொல்லவில்லை. சம்பளம் வாங்கியவனுக்கு ஒன்றாம் தேதி என்றால் இங்கிலீஷ் தேதி. உன் அம்மாவுக்கு ஆடி ஒன்று, ஆவணி ஒன்று. மாசப் பிறப்பு அன்று சாமி கும்பிட்டுவிட்டு, கருப்பட்டித் துண்டில் வைத்து அவளும் கொடுத்திருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க மறந்துருவீகன்னுதான் சொல்லல" என்கிறாள். நான் கொடுத்தது ஆறு, அவள் கொடுத்தது ஐந்து. வருஷ மருந்தை ஆறு மாதத்தில் முடித்துவிட்டோம்.

அளவுக்கு மேல் மருந்து போய்விட்டதே என்று பயந்துபோனேன். துரைக்கு முன்னால் நாம் வளர்த்த ராசாவை நினைத்துக்கொண்டேன். அவன் இருமியபோது தொண்டையில் எலும்பு என்று வாழைப்பழம் கொடுத்தவன் நான். மில்லிலிருந்து வந்த என்னைப் பார்த்து ஓடி வந்தவன் வாசலிலேயே விழுந்தான். அவனுக்கு நெஞ்சில் புழு இருந்திருக்கும், கொசு கொண்டுவந்து விட்டிருக்கும் என்று நீ காலேஜில் சேர்ந்த பிறகுதான் சொன்னாய். அன்றைக்கு நான் அழுததை யாரும் பார்க்கவில்லை, குழாயைத் திறந்துவிட்டிருந்தேன். இன்னொரு நாயையும் என் முட்டாள்தனத்தால் இழக்க எனக்குத் தெம்பில்லை, மாரி.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் துரையை ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாரிச்சாமி டெம்போவில் பேண்டேஜ் துணி ஏற்றிப் போனான், அதில் தொற்றிக்கொண்டோம். வெள்ளைத் துணிக் கட்டு மேல் வெள்ளை நாய் ஜம்மென்று உட்கார்ந்து வர, நான் கீழே காலுக்குள் காலை மடக்கிக்கொண்டு வந்தேன். நாய் டாக்டர் சேதுபதி துரையின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஆளு தெம்பாத்தான் இருக்கான், பயப்படாதீங்க. வந்தது வந்துட்டீங்க, ரத்தத்தையும் பாத்துருவோம்."

ஊசி குத்தியபோது துரை அசையவில்லை. "ஐயோ" என்று கத்தியது நான். மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். கறுப்பாக ஒன்று நெளிந்தது. "புழு, புழு!" என்று அலறினேன். அது என் இமை முடியாம். துரை ரத்தத்தில் ஒன்றுமில்லை, சுத்தம்.

"மாத்திர ஒழுங்காக் குடுத்தீங்கள்ல?" என்றார்.

"ஒழுங்குக்கு மேலயே குடுத்துருக்கோம் சார்" என்றேன்.

"அப்பக் கவலையில்ல. குடுக்காம விட்டுருந்தாத்தான் யோசிக்கணும். இன்னைக்குக் கடிக்கிற கொசுவோட புழு ரத்தத்துல தெரிய ஆறேழு மாசம் ஆகும்."

ஆகவே மகளே, இங்கே எல்லாம் சீராக நடக்கிறது. லீவுக்கு வந்து படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இரண்டு பேரும் போட்டி போட்டுப் பார்த்துக்கொள்ளும்போது துரைக்கு என்ன குறை? அடுத்த டப்பாவை மட்டும் தபாலில் அனுப்பு.

வடபத்ரசாயி அருளால் நீ பெரிய டாக்டராகி வாயில்லா ஜீவன்கள் உன்னை வாழ்த்த வேண்டும். அம்மா உன்னை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள்.

அன்புள்ள அப்பா,
வேல்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா கூப்பிட்டாள். கட்டிலுக்கு அடியில் துரை படுக்கும் மூலையில் உன் செருப்பு கிடந்தது. உதறினாள், மாத்திரைகள் உருண்டன. எண்ணிப் பார்த்தோம், பதினொன்று. பால்கோவாவையும் கருப்பட்டியையும் மட்டும் தின்றுவிட்டு, மாத்திரையை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறான். டாக்டர் சொன்ன ஆறேழு மாதம் இப்போதுதான் என் தலையில் ஏறுகிறது. ஜூலையிலிருந்து கடித்த கொசுவின் புழு இனிமேல்தான் ரத்தத்தில் தெரியும். மேலே எழுதியது எதையும் நம்பாதே. லீவு விட்ட அன்றே ரயில் ஏறு. செருப்பைத் தர மாட்டேன் என்று கவ்விக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டான். அவன் விழுங்குவது உன் கையால் கொடுத்தால்தான், நீ வா.