கை வைத்த நாற்காலி

ஊர் என்னைப் பற்றி என்ன பேசுகிறது என்று என் காதாலேயே கேட்டுவிடுவதாகத் தீர்மானித்தேன்.

வழி சொன்னவள் என் மனைவி கன்னிகா. "திருமலையில மொட்டை போடும்போது மீசையும் எடுத்துடு. பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது."

எடுத்தேன். சந்தனம் பூசிய தலை மேகத்தில் மிதந்தது. பஸ் கண்ணாடியில் ஒரு சாமியார் என்னைப் பார்த்தார். கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். நல்ல மனிதர்.

சித்தூர் பக்கம் எங்கள் ஊரில் இறங்கினேன். ரத்னம்மா டீக்கடையில் வெளியூரான் போல உட்கார்ந்தேன். கேட்காமலே சர்க்கரை போடாத டீ வந்தது. நான் எப்போதும் குடிப்பது அதுதான். பெருமாள் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

முனுசாமி, அதாவது நான், எப்படிப்பட்ட ஆள் என்று தெலுங்கில், குரலை மாற்றிக் கேட்டேன்.

"அவரா? தங்கம்!" என்று தமிழில் சொன்னாள் ரத்னம்மா. "கோவம்னா இன்னான்னே தெரியாது. அவரு தம்பி தனசேகரு, 'எங்கண்ணன் வராம எம்பொண்ணுக்குக் கல்யாணமா'ன்னு அழுதுக்கினு கீறாரு."

தங்கம்! எனக்கும் அந்தச் சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு.

தனசேகரோடு எனக்குப் பேச்சு இல்லை. அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் ஊர்த் தலைவரான சர்பஞ்சுக்குக் கை வைத்த நாற்காலி போட்டான். கூடப்பிறந்த எனக்குக் கை இல்லாத நாற்காலி. அவன் பெண் கல்யாணத்துக்கு நானும் போகமாட்டேன், கன்னிகாவும் போகக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது கால் தரையில் படவில்லை. மிதந்தபடியே வீடு போய்ச் சேர்ந்தேன்.

"தனசேகர மன்னிச்சிட்டேன். கல்யாணத்துக்குக் கெளம்பு!"

கன்னிகா பட்டுச்சேலையில் இருந்தாள். பக்கத்தில் கட்டி வைத்த பை.

"நான் மன்னிப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ரத்னம்மாவ நல்லதா நாலு வார்த்தை சொல்லச் சொன்னதே நான்தான்யா."

"அவளுக்கு என்னை எப்படி அடையாளம் தெரிஞ்சுது?"

"திருப்பதி பஸ்ல எத்தனியோ மொட்டை எறங்குது. பெருமாளப் பாத்துட்டும் மொறைச்சிக்கினே எறங்குற மொட்டை நீ ஒருத்தன்தான்."

"தங்கம்னு சொன்னாளே?"

"அதுக்கு மட்டும் ஒத்துக்கல. கெஞ்சித்தான் சொல்ல வச்சேன்."

நாராயணவனத்துக் கல்யாண மண்டபத்தில் தம்பி ஓடி வந்தான். "வாண்ணா" என்று நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டான். கை வைத்த நாற்காலி. தலைக்குள் மறுபடியும் மேகம். மண்டபம் முழுக்கப் பார்க்கட்டும் என்று ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு திரும்பினேன்.

கன்னிகா அதில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையையும் வைத்துக்கொண்டு.